ஒரே புஷ்ஷை மூன்று தடவை மாற்றியவன் சொல்கிறேன்: பழைய மாருதி 800-இன் முன்பக்கச் சத்தத்தைப் பிடிப்பது எப்படி

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே ஊறுகாய் இல்லை, கிழிந்த ரப்பர் புஷ், அதாவது இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் குலுக்கலைத் தாங்கும் ரப்பர் வளையம், மூன்று கிடக்கின்றன. மூன்றும் என் 2005 மாடல் மாருதி 800-இன் இடது பக்க லோயர் ஆர்மிலிருந்து, அதாவது முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் இரும்புக் கையிலிருந்து கழற்றியவை. முதலாவது வண்டியோடு வந்தது, அப்பா ஓட்டிய காலம் முழுக்க, பத்து வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டுத்தான் போனது, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டாவது பதினோரு மாசம். மூன்றாவது ஏழே மாசம். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் சொன்ன காரணம் ஒன்றுதான்: "நம்ம ரோடு அப்படிண்ணே."

ரோடு அப்படித்தான், மறுக்கவில்லை. குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை என்று தோண்டி, மண்ணைப் போட்டு மூடி, அது மழையில் அமுங்கிக் கிடக்கிற தெருவில்தான் நான் தினமும் வண்டியை வெளியே எடுக்கிறேன். ஆனால் அதே தெருவில்தான் வலது பக்க புஷ்ஷும் ஓடியது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே. இந்தக் கேள்வி எனக்கு மூன்றாவது தடவைதான் தோன்றியது. முதல் தடவையே தோன்றியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

பழைய சின்ன வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ஒரு சாமான் ஒரு தடவை போனால் அது தேய்மானம். அதே சாமான் வருஷத்துக்குள் திரும்பப் போனால் ஒன்று அதை மாட்டிய விதம் தப்பு, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் வேறொன்று அதைக் கொல்கிறது. புதுசு வாங்கிப் போடுவதற்கு முன் எது என்று பார்த்துவிட வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, நீளமான ஒரு டயர் லிவர், டார்ச், கூட ஒரு ஆள். கூட வரும் ஆள் ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னால் ஆட்ட வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தகுதி. என் மச்சானுக்கு இரண்டாவது தகுதி கிடையாது, அதனால் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக்கொள்கிறேன்.

முதலில் 800-இன் முன்பக்கம் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இது தெரியாமல் சோதித்தால் பாதி சோதனை வீண். மேலே ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண். அதன் தலை பானட்டுக்குள் பாடியில் ஒரு ரப்பர் மவுண்டில் போல்ட் ஆகியிருக்கும். அடிப்பகுதி நக்கிளில், அதாவது சக்கரத்தின் ஹப் உட்கார்ந்திருக்கும் இரும்பில். நக்கிளின் அடிமுனையை பால் ஜாயிண்ட் வழியாக லோயர் ஆர்ம் பிடித்துக்கொண்டிருக்கும். லோயர் ஆர்மின் உள்முனையில் ஒரே ஒரு புஷ், ஒரே ஒரு போல்ட். சரி, ஒரே போல்ட்டில் தொங்கும் ஒரு கை முன்னும் பின்னும் ஆடாதா? ஆடும். அதை ஆடாமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார். இரண்டு பக்க லோயர் ஆர்முக்குள்ளும் அதன் முனை நுழைந்து, இரு பக்கமும் புஷ், வாஷர் வைத்து நட் போட்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வீடியோக்களில் "ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள், சத்தம் போனால் குற்றவாளி அதுதான்" என்று சொல்வார்கள். தனியாக லிங்க் ராடு வைத்த வண்டிகளுக்கு அது நல்ல சோதனை. 800-க்கு அதைச் செய்யவே கூடாது. இந்த வண்டியில் அந்தப் பார் வளைவில் சாய்வதைக் குறைக்க மட்டும் இல்லை, சக்கரம் தன் இடத்தில் நிற்பதே அதை நம்பித்தான். கழற்றிவிட்டு பிரேக் போட்டால் சக்கரம் பின்னால் போய்விடும்.

வண்டியைத் தூக்கும் முன் ஓட்டிப் பாருங்கள். வெறும் "சத்தம் வருது" என்று பட்டறையில் போய்ச் சொன்னால் அவர்களும் கைக்கு வந்ததைக் கழற்றுவார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எப்போது வருகிறது என்பதுதான் முக்கால்வாசி விடை. நான் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் வீட்டுத் தெருப் பள்ளங்களில் முதல் கியரில் ஊர்ந்து போவேன், ஏசி, ரேடியோ, ஃபேன் எல்லாம் அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு பக்கம் மதில் சுவர் இருக்கிற மாதிரி. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். அப்புறம் மதுரை நத்தம் ரோடு பாலம். 2023-இல் திறந்த பாலம், ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், சிக்னல் கிடையாது, ஒரே வேகத்தில் போனால் பாலத்தின் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளத்தில் வரும். இணைப்பில் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஒரு சின்ன "டப்" வந்தால் ஸ்ட்ரட்டையோ அதன் மேல் மவுண்டையோ முதலில் சந்தேகப்படுவேன். ஏதாவது ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டமடித்தால் "டக் டக் டக்" என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்குத் தகுந்தபடி வருகிறதா, அது சஸ்பென்ஷனே இல்லை, ஆக்ஸிலில் இருக்கும் சிவி ஜாயிண்ட்.

அடுத்தது பிரேக். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் இருபது வேகத்தில் போய் பிரேக்கை அழுத்தினால் ஒரே ஒரு "டொக்". பிறகு ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டால் மறுபடி ஒரே ஒரு "டொக்". இது 800-இல் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் முனை புஷ்ஷோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ. பிரேக் போட்டதும் சக்கரம் பின்னால் போய் முட்டுகிறது, ரிவர்ஸில் முன்னால் வந்து முட்டுகிறது. கூடவே வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் பள்ளத்தில் லொடலொடவென்று வரும் சத்தம் பிரேக்கை லேசாக, வண்டி நிற்காத அளவுக்கு மிதித்துக்கொண்டே போனால் நின்றுவிடுகிறதா? அப்படியானால் புஷ்ஷைத் தொடாதீர்கள். பிரேக் பேடோ காலிப்பர் பின்னோ ஆடுகிறது. இந்த ஒரு சோதனையால் என் நண்பர் ஒருவர் இரண்டு ஸ்ட்ரட் வாங்கும் செலவிலிருந்து தப்பித்தார்.

கிளட்சை விடும்போதும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் வருகிற "டம்" எஞ்சின் மவுண்டிங். இதையும் நிறைய பேர் சஸ்பென்ஷன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கீச் கீச் சத்தம் தனி ஜாதி. மழையில் நனைந்த வண்டியில் அது காணாமல் போய், காய்ந்ததும் திரும்ப வந்தால், ரப்பர் இரும்போடு உரசுகிற இடம் என்று அர்த்தம். வீட்டிலேயே ஒவ்வொரு புஷ்ஷாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டுப் பாருங்கள். எதில் ஊற்றியதும் நிற்கிறதோ அதுதான். எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, சத்தம் வரும் பக்கத்தை நம்பாதீர்கள். தகர பாடி சத்தத்தைக் கடத்திக்கொண்டு போய் வேறு எங்கோ கொட்டும். வலது பக்கம் என்று நான் சத்தியம் செய்த சத்தம் இரண்டு தடவை இடது பக்கத்தில் அகப்பட்டது.

இனி தூக்கலாம். சமதளமான இடம், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கியர் போட்டு நிறுத்தியிருக்கிறேன் என்று தைரியமாக இருக்க வேண்டாம். 800-இல் கியர் பிடிப்பது முன்சக்கரங்களை, அவற்றைத்தான் இப்போது அந்தரத்தில் தூக்கப் போகிறோம். ஜாக்கியை மட்டும் நம்பி கையையோ தலையையோ அடியில் விடக் கூடாது, ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும். ஹாலோ பிளாக் கல், செங்கல் இவற்றை வைப்பதை நம்மூரில் நிறையப் பார்க்கிறேன். அவை முன்னறிவிப்பில்லாமல் உடையும். ஸ்டாண்டு போட்ட பிறகும் கழற்றிய சக்கரத்தை பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

வண்டி இரண்டு பக்கமும் தூக்கி சக்கரம் தொங்கும்போது, சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட வந்தவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் பால் ஜாயிண்டோ, ஸ்ட்ரட்டோ, லோயர் ஆர்ம் புஷ்ஷோ. இப்போது 9-இலும் 3-லும் பிடித்து ஆட்டுங்கள். இந்தப் பக்கம் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் அல்லது ராக் எண்ட், அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் இரு முனை மூட்டுகளில் ஒன்று.

பால் ஜாயிண்டுக்கு ஒரு நுணுக்கம். இந்த மாதிரி ஸ்ட்ரட் வண்டியில் முன்பக்க எடை ஸ்ட்ரட்டின் தலை வழியாக இறங்குகிறது, பால் ஜாயிண்ட் எடை சுமப்பதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. அதனால் ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயிண்டை இறுக்கி வைத்து, தேய்ந்த ஜாயிண்டும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். பாடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தொங்க, லிவரை லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் விட்டு நெம்ப வேண்டும். மேலும் கீழும் கண்ணுக்குத் தெரிகிற அசைவு இருந்தால் மாற்றிவிடுங்கள், இதில் மட்டும் "இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்" வேண்டாம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிப் படுத்துவிடும். அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தாலே நாள் எண்ணப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் வேலை பார்க்கும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷையும் லிவர் வைத்தே பார்க்கலாம். நடுக் குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் கொஞ்சம் நெளிவது இயல்பு, அதற்குத்தானே ரப்பர். ரப்பருக்கும் இரும்புக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ, நெம்பும்போது "டக்" என்று இரும்பு இரும்பில் மோதினாலோ போய்விட்டது. டார்ச் அடித்து விரிசல் எந்தப் பக்கம் என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். விரிசலின் வடிவம் முக்கியம், அதற்கு வருகிறேன்.

டை ராடு, ராக் (ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பாகம்) இரண்டையும் தூக்கி வைத்துப் பார்ப்பதைவிட வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் இருக்கும்போது பார்ப்பதுதான் சரி. எஞ்சின் அணைந்திருக்கட்டும். கூட வந்தவர் ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் அப்படி, இரண்டு அங்குலம் இப்படி விடாமல் ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கையை வையுங்கள். தேய்ந்த ஜாயிண்ட் விரலில் "கிளிக்" என்று தட்டும், காதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். ராக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்பின் ரப்பர் போயிருந்தால் முழு ராக்கும் பக்கவாட்டில் நகர்வது தெரியும். ராக்கே போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்று சொல்லப்பட்ட சில வண்டிகளில் குற்றம் இந்த ரப்பரில் மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியே பானட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலையில் உள்ளங்கையை வைத்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொல்லுங்கள். சீராகச் சுற்றாமல் ஸ்பிரிங் முறுக்கி "டொய்ங்" என்று விடுபட்டால் மேல் மவுண்டின் பேரிங் இறுகிவிட்டது. ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா, உள்ளே பம்ப் ஸ்டாப் என்கிற நுரை ரப்பரும் தூசி உறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாதிக்கு அவை பொடிப்பொடியாக உதிர்ந்து எப்போதோ காணாமல் போயிருக்கும்.

சரி, இப்போது ஊறுகாய் பாட்டில்.

மூன்றாவது தடவை மாற்றும்போது நான் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பையன் சுறுசுறுப்பானவன். புது புஷ் ஏற்றிய லோயர் ஆர்மை மாட்டினான், வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்க, உள்முனை போல்ட்டை ஸ்பேனருக்குப் பைப் மாட்டி ஏறி நின்று டைட் வைத்தான். நானும் "நல்லா டைட் வைப்பா" என்று வேறு சொன்னேன். வீட்டுக்கு வந்து கழற்றிய புஷ்ஷை பாட்டிலில் போடும்போதுதான் கவனித்தேன். முதல் புஷ், பத்து வருஷத்துக் கிழவன், சுற்றிலும் ஒரே சீராக வெடித்து உதிர்ந்திருந்தது. மற்ற இரண்டும் அப்படி இல்லை. இரண்டிலும் ரப்பர் ஒரே பக்கமாக முறுக்கி, பிறை மாதிரி ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. தேய்ந்து போன ரப்பர் இல்லை, திருகிக் கொன்ற ரப்பர்.

அந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் காரணம் புரிந்துவிடும். நடுவில் இரும்புக் குழாய், வெளியே இரும்பு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை டைட் வைத்ததும் நடுக் குழாய் பாடியோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். லோயர் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும், அதில் உரசலே கிடையாது. வண்டி தரையில் நிற்கும் நிலையில் டைட் வைத்தால், பள்ளத்துக்குக் கொஞ்சம் இப்படி, மேட்டுக்குக் கொஞ்சம் அப்படி, இரண்டு பக்கமும் சமமாக முறுக்கும். சக்கரம் தொங்கும்போது டைட் வைத்தால்? வண்டியை இறக்கிய அந்த நிமிஷமே ரப்பர் பாதி முறுக்கில் நிற்கிறது. சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் முறுக்கில்தான் நிற்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் இன்னும் முறுக்குகிறது. நம் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு, இனிமேல் அந்தப் பக்கமே திரும்பிப் பார் என்று சொன்ன மாதிரி.

மறுநாளே அந்த போல்ட்டை லூஸ் செய்து, வண்டி தன் எடையில் நிற்கும்போது மறுபடி டைட் வைத்தேன். அந்தப் புஷ்தான் இன்னும் ஓடுகிறது, மூன்று வருஷம் ஆகப்போகிறது. அதே தெரு, அதே பள்ளம்.

இதை எப்படிச் செய்வது? பட்டறையில் பிட், அதாவது வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி, இருந்தால் சுலபம். மாட்டும்போது போல்ட்டை நட் கழலாத அளவுக்கு மட்டும் பிடித்துவிட்டு, சக்கரம் போட்டு, வண்டியை இறக்கி, பிட்டின் மேல் நிறுத்தி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, அடியிலிருந்து கடைசி டைட் வைக்க வேண்டும். பிட் இல்லையென்றால், பாடி ஸ்டாண்டில் இருக்க, இன்னொரு ஜாக்கியை லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு, பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில், அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். பாடி ஸ்டாண்டைவிட்டு மயிரிழை எழும்பப் பார்க்கிற இடத்தில் ஸ்பிரிங் வண்டியின் எடையைச் சுமக்கிறது, அதாவது சக்கரம் தரையில் இருக்கும் உயரம் ஏறக்குறைய அதுதான். அந்த நிலையில் டைட் வைக்கலாம். ஸ்டெபிலைசர் பாரின் நட்டுகளையும் இதே நிலையில்தான் முடிக்க வேண்டும். அதில் ஸ்பிளிட் பின் போட ஓட்டை இருந்தால் புதுப் பின் போடுங்கள், பழசை நிமிர்த்திப் போடுவது பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிற வேலை.

மாட்டும் விதம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பப் போனால், பக்கத்துக் கொலைகாரனைத் தேட வேண்டும். எனக்குத் தெரிந்து நம்மூரில் முதல் சந்தேகத்துக்குரியவர் டீசல். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டிக்கு அடியில் டீசலையோ பழைய எஞ்சின் ஆயிலையோ பீய்ச்சி அடித்துப் பளபளவென்று காட்டுவார்கள், நாமும் சந்தோஷமாகக் காசு கொடுப்போம். ரப்பருக்கு அது விஷம். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதி, மெத்தென்றாகி, இரும்பைவிட்டு ஒட்டு பிரிந்துவிடும். விரலால் அமுக்கினால் பழுத்த அத்திப்பழம் மாதிரி இருந்தால் காரணம் இதுதான். எஞ்சினிலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ ஆயில் கசிந்து ஒரு பக்கப் புஷ் மேல் மட்டும் சொட்டினாலும் இதே கதி, ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி போகும் மர்மம் அங்கே தீர்ந்துவிடும். கீச் சத்தத்துக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான்.

அடுத்தது வளைந்த ஆர்ம். எப்போதோ ஒரு தடவை பிளாட்பாரத்தில் ஏற்றி இடித்த வண்டியில் லோயர் ஆர்மோ ஸ்டெபிலைசர் பாரோ லேசாக வளைந்திருக்கும், புஷ் எந்நேரமும் கோணலாக இழுபடும். வீல் அலைன்மெண்ட் கடையில் கம்ப்யூட்டர் காட்டும் எண்களை வாங்கிப் பாருங்கள். 800 மாதிரி வண்டிகளில் அவர்கள் திருத்தித் தருவது டோ, அதாவது முன்சக்கரங்களின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மட்டும்தான். கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் அளவு) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவு) திருகி வைக்கிற விஷயமே இல்லை. அதனால் அந்த இரண்டு எண்களும் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று நன்றாக வித்தியாசப்பட்டால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. "அலைன்மெண்ட் பண்ணியாச்சு, ஓகே" என்று அனுப்பிவிடுவார்கள், நீங்கள்தான் அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். தேய்ந்த புஷ்ஷோடு அலைன்மெண்ட் செய்வதும் வீண், ஆடுகிற பல்லுக்குக் கம்பி கட்டின மாதிரி. முதலில் ஆட்டம் எல்லாம் தீரட்டும், கடைசியில் அலைன்மெண்ட்.

ஸ்ட்ரட் அடிக்கடி கசிகிறவர்கள் தூசி உறையையும் பம்ப் ஸ்டாப்பையும் கேளுங்கள். ஸ்ட்ரட் மட்டும் புதுசாகப் போட்டு, இவை இரண்டையும் விட்டுவிட்டால், மினுமினுக்கும் அந்த ராடில் மண் படிந்து, ஆயில் சீலை அறுத்து, ஒரு கோடைக்குள் கசிய ஆரம்பிக்கும். பெரிய பள்ளத்தில் அடிமுட்டும்போது தாங்க ஆளில்லாமல் இரும்பும் இரும்பும் மோதும், அந்த அடி மேல் மவுண்டுக்கும் போகும். பழைய ஸ்ட்ரட்டை ரிப்பேர் செய்து, ஆயில் மாற்றித் தருகிற இடங்களும் உண்டு. நான் அதைக் கேலி செய்யவில்லை, சில பேர் அருமையாகச் செய்கிறார்கள். ஆனால் தலை நட்டு சரியாக இறுகாமல் வந்தால் உள்ளே இருப்பது குலுங்கி, பால் ஜாயிண்ட் போன மாதிரியே "டக் டக்" என்னும், நீங்கள் கீழே உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிட்டு மேலே பார்ப்பீர்கள்.

டயரையும் விட்டுவிடாதீர்கள். 800-க்கு 145/70 ஆர் 12 அளவுதான் கணக்கு. அகலமான டயர், அலாய் வீல், வெளியே தள்ளி நிற்கும் ஸ்பேசர் எல்லாம் பார்க்க கம்பீரம், ஆனால் 650 கிலோ சொச்சம் உள்ள வண்டிக்காகச் செய்த புஷ்ஷும் பேரிங்கும் அந்தக் கம்பீரத்துக்கு விலை கொடுக்கும். காற்றை "கூட ரெண்டு பாயிண்ட் இருக்கட்டும்" என்று ஏற்றுவதும் அப்படித்தான், டயர் வாங்க வேண்டிய அடியைப் புஷ் வாங்குகிறது.

சாமான் வாங்குவதில் ஒரே ஒரு விஷயம். புஷ் மட்டும் வாங்கி பழைய ஆர்மில் ஏற்றுவதானால் பிரஸ்ஸில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வளையம் கோணி, ரப்பர் ஏறும்போதே அறுபட்டிருக்கும். ஆர்மின் ஓட்டையே துருப்பிடித்து அகன்றிருந்தால் எவ்வளவு நல்ல புஷ்ஷும் நிற்காது, அப்போது பால் ஜாயிண்டோடு முழு ஆர்மாகவே மாற்றுவது உத்தமம். கழற்றியதை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி வாருங்கள், தேதியும் கிலோமீட்டரும் மார்க்கரில் எழுதிப் போட்டு வையுங்கள். 15 வருஷம் தாண்டி, ஆர்சி புதுப்பித்து ஓட்டுகிற வண்டிக்கு இதுதான் மெடிக்கல் ஃபைல்.

கடைசியாக, இதையெல்லாம் பட்டறையில் எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. "நீங்க தப்பா மாட்டுறீங்க" என்று ஆரம்பித்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார், வைக்கத்தான் செய்வார், இருபது வருஷமாக அந்த வேலை செய்பவர். நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, இந்த ரெண்டு புஷ்ஷும் ஏன் ஒரே பக்கமா கிழிஞ்சிருக்கு, பாத்துச் சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்டேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் உள்ளே திரும்பி, "ஏப்பா, அந்த ஆல்டோவுக்கு இப்ப டைட் வச்சிராத, எறக்கிட்டு வச்சுக்கலாம்" என்றார்.